கோபக் கட்டிலில் ஹைமவதி

சங்கராந்திக்கு மறுநாள், கனுமப் பண்டிகையன்று காலை, கூடத்தில் போட்டிருந்த கட்டிலுக்குப் பூச்சரம் சுற்றிக்கொண்டே கனகம் கிருபாகருக்குக் கோபப்படக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"பல்லு தெரியுது தம்பி. வாய மூடுங்க. உதட்டக் கொஞ்சம் முன்னால தள்ளுங்க."

"இப்படியாக்கா?"

"இது கோபம் இல்ல, பல்வலி."

கட்டிலின் மறுகாலில் சாமந்திச் சரத்தை முடிந்துகொண்டிருந்த ஹைமவதி சிரித்துவிட்டாள். கல்யாணம் ஆன ஆவணியிலிருந்து இன்றுவரை கணவன் முகத்தில் அவள் கோபத்தைப் பார்த்ததில்லை. ஆனால் முதல் சங்கராந்திக்கு மாமனார் வீட்டுக்கு வந்த மாப்பிள்ளை கோபித்துக்கொண்டே ஆகவேண்டும். கட்டிலில் ஏறி முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்காரவேண்டும். பெண்வீட்டார் சுற்றி நின்று கெஞ்சவேண்டும், பெண்கள் கேலி பாடவேண்டும். கடைசியில் மாப்பிள்ளை ஒன்றே ஒன்று கேட்பார். அது கிடைத்தால் இறங்குவார். கட்டிலில் இருக்கும்வரை அவரை யாரும் அதட்டக்கூடாது, கையைப் பிடித்து இறக்கவும் கூடாது. அவர்கள் ஊரான கடியம் பக்கத்தில் இது இல்லாமல் எந்த வீட்டிலும் கனுமச் சாப்பாட்டுக்கு இலை விழாது.

"ஆபீஸ்ல உங்கள யாராச்சும் திட்டுவாங்க இல்ல? அந்த மூஞ்சிய நெனச்சுக்கோங்க" என்றாள் கனகம். அவள் ஹைமவதியின் அண்ணன் மனைவி. இந்த வீட்டின் எல்லாப் பண்டிகைகளும் அவள் தலைமேல்தான்.

"துறைமுகத்துல எங்க சூப்பரின்டென்ட் திட்டுவாரு. ஆனா அவரு திட்டினா எனக்குப் பாவமா இருக்கும்கா. அவருக்கு சுகர்."

"என் தலையெழுத்து! போங்க, போய்க் குளிங்க. கோபம் வரலேன்னா உங்க பொண்டாட்டிகிட்ட கொஞ்சம் வாங்கிக்கோங்க. அவகிட்ட மூட்டை மூட்டையா இருக்கு."

கிருபாகர் சிரித்துக்கொண்டே தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு கொல்லைப்புறம் போனான். ஹைமவதியின் சிரிப்பு மட்டும் பாதியில் நின்றது. அண்ணி வேண்டுமென்று சொல்லவில்லை. அந்த வீட்டில் ஹைமவதியின் கோபம் என்பது ஊறுகாய் மாதிரி, விருந்தினர் வந்தால் எடுத்து வைக்கிற பண்டம். அவள் சுவரில் விட்டெறிந்த தட்டு, நிச்சயதார்த்தத்தன்று வீடியோக்காரரிடம் போட்ட சத்தம், அண்ணன் சத்திபாபுவின் கிரிக்கெட் மட்டையைக் கால்வாயில் எறிந்தது எல்லாமே கதைகள். ஒவ்வொரு கதையிலும் அவள் என்ன செய்தாள் என்பது இருக்கும். ஏன் செய்தாள் என்பது மட்டும் எதிலும் இருக்காது.

"கோபம் வந்துடுச்சா? சும்மா சொன்னேன்டி" என்றாள் கனகம். சமாதானப்படுத்துகிற அவசரத்தில் வாய் ஓடிவிட்டது. "இன்னிக்கு எல்லாம் நல்லபடியா முடியட்டும். காரு வந்துட்டா நீங்க ரெண்டு பேரும் நெனச்சப்ப வரலாம். ரோஜாப் பாத்தி போனா போகுது, நீதான் அடிக்கடி..."

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"ரோஜாப் பாத்தி எங்க போகுது?"

"ஒண்ணுமில்லடி."

"அண்ணி."

கனகம் கூடத்து வாசலைத் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "மாமா அத விக்கறாரு. ரோட்டோர நிலம் இல்லையா, ராஜமண்ட்ரிக்காரர் ஒருத்தர் கல்யாண மண்டபம் கட்டக் கேட்டாராம். பண்டிக முடிஞ்சதும் பத்திரம். அந்தப் பணத்துல மாப்பிள்ளைக்குக் கார். இன்னிக்குக் கட்டில்ல வெச்சு வாங்கித் தரேன்னு சொல்லணும்னு ஏற்பாடு. உனக்கு அப்புறமா சொல்லலாம்னாரு. நீ சத்தம் போடுவேன்னு..."

ஹைமவதிக்குக் காதுமடலின் பின்னால் சூடு ஏறியது. எப்போதும் அங்கேதான் அது தொடங்கும். பிறகு கழுத்து, பிறகு கை.

அந்தப் பாத்தியை உண்டாக்கியது அவள். கல்லூரி முடித்த கோடையில் முள் அடர்ந்து கிடந்த துண்டைத் திருத்தி, காட்டு ரோஜாக் குச்சிகளை நட்டு, ஒவ்வொன்றிலும் நல்ல ரகத்தின் தளிர்க்கண்ணைத் தன் கையால் வைத்து ஒட்டுக்கட்டினாள். இன்று அங்கே நிற்பவை தாய்ச்செடிகள். கடியத்தில் இருந்து லாரி ஏறும் எத்தனையோ ரோஜாக் கன்றுகளுக்கு அவற்றிலிருந்துதான் கண் எடுக்கிறார்கள். ஒரு தாய்ச்செடியைத் தேற்ற வருஷங்கள் ஆகும். பிடுங்கிப் போட ஒரு மண்வெட்டி போதும். காக்கிநாடாவில் குடித்தனம் அமைந்து கொஞ்சம் நிலைத்ததும் ரயிலில் வந்துபோய் அந்த வேலையைத் தொடரலாம் என்று மனதுக்குள் கணக்குப் போட்டு வைத்திருந்தாள். தை பிறக்கட்டும், அப்பாவிடம் பேசலாம் என்று இருந்தாள். தை பிறந்து இரண்டு நாள்தான் ஆகிறது.

எழுந்தாள். பூ மடியிலிருந்து கொட்டியது.

"ஹைமா, வேணாம்டி. சம்பந்தி வீட்டு ஜனம் வந்தாச்சு!"

அவள் நடைக்கு வந்துவிட்டாள். முன்வாசல் பந்தலில் நாற்காலிகள் நிறைந்திருந்தன. மாமியார் அனசூயம்மா, அவள் தம்பி கவர்ராஜு, அக்கம்பக்கத்தார். நடுவில் அப்பா பத்ரய்யா புது வேட்டியில். இன்னும் நான்கு எட்டு வைத்தால் வாசற்படி. வாயில் வார்த்தைகள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு தயாராக நின்றன.

அப்போது அண்ணன் சத்திபாபுவின் குரல் கேட்டது.

"...மட்டையத் தூக்கி விட்டா பாருங்க, நேரா கால்வாய்ல! மிதந்துட்டே போகுது. நான் கரையில ஓடறேன். அது பாட்டுக்குத் காக்கிநாடா பாக்கப் போயிடுச்சு!"

பந்தலே சிரித்தது. அப்பாவும் சிரித்தார்.

ஹைமவதி கதவின் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இப்போது படியிறங்கிக் கத்தினால் என்ன நடக்கும் என்பது அவளுக்கு அப்பட்டமாகத் தெரிந்தது. தண்ணீர் கொண்டுவந்து கொடுப்பார்கள். உள்ளே கூட்டிப்போய்ப் படுக்கவைப்பார்கள். அனசூயம்மாவிடம் அப்பா கைகூப்பி மன்னிப்புக் கேட்பார். அடுத்த சங்கராந்திக்கு அண்ணன், "போன கனுமக்கு என்ன பண்ணினா தெரியுமா?" என்று தொடங்குவான். பாத்தி போயிருக்கும், கதை இருக்கும்.

நிலத்தைவிட அதுதான் அவளைச் சுட்டது. இத்தனை வருஷமாக அவளுடைய கோபத்தைக் கதையாக்கிக்கொண்டு, அவள் கேட்டதைக் கொடுக்காமல் இருந்திருக்கிறார்கள்.

திரும்பினாள். கூடத்தின் நடுவே கட்டில் நின்றது. வெள்ளை விரிப்பு, திண்டு, நான்கு காலிலும் சாமந்தி. கோபப்படுவதற்கென்றே சிங்காரித்து வைத்த இடம் இந்த வீட்டில் அது ஒன்றுதான். அதில் ஏறுவதற்கு ஏற்பாடாகியிருந்த மனிதரிடமோ கோபமே இல்லை.

ஹைமவதி பட்டுப்புடவைக் கொசுவத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கட்டிலில் ஏறினாள். சம்மணமிட்டு உட்கார்ந்து, முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"ஐயோ, ராமா!" என்றாள் கனகம்.

முதலில் வந்தவன் கிருபாகர்தான். ஈரத்தலையும் புதுப்பட்டு வேட்டியுமாக வந்தவன் கட்டிலருகே வந்து நின்றான்.

"ஹைமா, அது நான் உட்கார வேண்டிய இடம் இல்ல?"

அவள் இன்னும் சுவர்ப்பக்கம் நகர்ந்து உட்கார்ந்தாள்.

அவன் குனிந்து அவள் முகத்தைப் பார்த்தான். விளையாட்டு இல்லை என்பது அவனுக்குப் புரிந்தது. வேறு யாராக இருந்தாலும் என்ன, ஏது என்று குடைந்திருப்பார்கள். அவன் கட்டிலின் கீழே தரையில் உட்கார்ந்துகொண்டான். "சரி, நான் கெஞ்சற பக்கம் வந்துடறேன். எனக்கு அதுதான் நல்லா வரும்" என்றான்.

அதற்குள் கனகம் போட்ட சத்தத்தில் பந்தல் மொத்தமும் கூடத்துக்குள் வந்துவிட்டது. எதிர்வீட்டு நூக்கரத்னம் கன்னத்தில் கைவைத்தாள். "இதென்னம்மா, மாப்பிள்ள தரையில, பொண்ணு கட்டில்ல! உலகம் தலைகீழாப் போச்சா?"

"இறங்கச் சொல்லுங்க" என்றார் கவர்ராஜு. தொடைதட்டிப் பேசுகிற மனிதர், கிருபாகரின் தாய்மாமன். "பொம்பளப்புள்ள ஏறுற வழக்கம் எங்கயாச்சும் உண்டா? கோபம் மாப்பிள்ளைக்குச் சொந்தம்."

"மாப்பிள்ளைக்குக் கோபம் வரல மாமா" என்றான் கிருபாகர் கீழேயிருந்து. "காலையிலேர்ந்து முயற்சி பண்ணிட்டேன்."

பெண்கள் கொல்லென்று சிரித்தார்கள். எல்லார் கண்ணும் அனசூயம்மாவிடம் போயிற்று. மாப்பிள்ளையின் தாய் சொன்னால்தான் எதுவும். அந்த அம்மாள் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டு மருமகளை நிதானமாகப் பார்த்தாள்.

"ஏறியாச்சு. ஏறினவங்கள இறக்கறதுக்கு ஒரே வழிதான் உண்டு, கேட்டதக் குடுக்கணும். யாரு ஏறணும்னு கட்டில் பேசினதா நான் கேள்விப்படல. பாடுங்கம்மா, சும்மா நிக்காதீங்க."

பாட்டு தொடங்கியது. கோபத்தில் மூக்கு கத்திரிக்காய் ஆனதென்று ஒருத்தி எடுத்துக்கொடுக்க, மற்றவர்கள் பிடித்துக்கொண்டார்கள். நூக்கரத்னம் நெய்யும் வெல்லமும் வைத்து மடித்த பூதரேகு இனிப்புத் தட்டை அவள் மூக்கருகே காட்டி இழுத்தாள். "நெய் மணக்குது பாரு தல்லி. ஒரே ஒரு கடி." கனகம் தன் பங்குக்கு மோர் கொண்டுவந்தாள். வைத்துவிட்டு உடனே விலகிக்கொண்டாள், அவளுக்குத்தானே காரணம் தெரியும். உப்பாடா பட்டு, முத்து மாலை, தங்க வளை என்று ஆளாளுக்கு ஏலம் விட்டார்கள்.

ஹைமவதி சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளே மட்டும் பெரிய சந்தை நடந்துகொண்டிருந்தது. அப்பா என்னிடம் மறைத்தார். அண்ணன் எல்லாவற்றையும் சிரிப்பாக்குகிறான். அண்ணிக்குத் தெரிந்து எனக்குத் தெரியவில்லை. அம்மா இருந்திருந்தால் இப்படி நடந்திருக்குமா? காரை யார் கேட்டது? கிருபாகருக்கும் தெரியுமா? ஒவ்வொன்றையும் இப்போதே கத்தவேண்டும் போலிருந்தது. ஆனால் கட்டிலில் கேட்பதற்கு ஒன்றுதான் இடம். ஒன்றைச் சொல்லவேண்டுமென்றால் மற்றதை விடவேண்டும்.

ஒட்டுக்கட்டிய செடியில் கண் பிடித்துவிட்டால், சுற்றிலும் காட்டுத்தளிர்கள் மளமளவென்று வரும். பார்க்கப் பச்சையாக, பலமாக இருக்கும். அவற்றைக் கிள்ளாமல் விட்டால் சாறு எல்லாம் அவற்றுக்கே போய், வைத்த கண் கருகிவிடும். ஹைமவதி ஒவ்வொன்றாகக் கிள்ளினாள். அண்ணனின் சிரிப்பு, அதை விடலாம். அண்ணி சொல்லாதது, பாவம், அவளை விடலாம். காரை யார் கேட்டிருந்தாலும் கேட்டுவிட்டுப் போகட்டும். அப்பா மறைத்தது வலிக்கத்தான் செய்கிறது, ஆனால் அதற்கு அவர் மன்னிப்புக் கேட்டால் பாத்தி பிழைக்குமா? பிழைக்காது. அதையும் விடலாம்.

கிள்ளக் கிள்ளக் காதின் பின்னாலிருந்த சூடு குறைந்தது. கடைசியில் ஒன்று மட்டும் நின்றது. சின்னதாக, தெளிவாக இருந்தது. தன் கோபம் இவ்வளவு நேரமும் இதைத்தான் காட்டிக்கொண்டிருந்ததா என்று அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

அந்த நேரம் பார்த்து சத்திபாபு கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தான்.

"எல்லாரும் தள்ளி நில்லுங்க! கட்டிலோட கால்வாய்ல எறிஞ்சாலும் எறிவா. என் மட்டைக்கு நடந்தது உங்களுக்கு நடக்கவேணாம்."

சிரிப்பு வெடித்தது. ஹைமவதியின் உடம்பில் அணைந்திருந்தது அத்தனையும் ஒரே வீச்சில் மூண்டது. கை தானாகத் திண்டைப் பற்றியது. இதைத் தூக்கி அண்ணன் முகத்தில் அடித்தால் போதும், எல்லாருக்கும் அவள் பழைய ஹைமவதியாகிவிடுவாள்.

ஒட்டுக்கட்டச் செடியின் பட்டையைக் கீறும்போது மூச்சை அடக்கினால் கத்தி துள்ளும், கண் கிழியும். மூச்சை மெல்ல வெளியே விட்டபடிதான் கத்தியை இழுக்கவேண்டும். நாள் முழுக்கச் செய்து பழகிய வேலை அது. இத்தனை நாளும் செடியிடம் மட்டுமே செய்திருந்தாள். இப்போது திண்டைப் பிடித்த கையைப் பார்த்துக்கொண்டே மூச்சை நீளமாக வெளியே விட்டாள். விரல்கள் விட்டன. பிறகுதான் திரும்பினாள்.

"அண்ணா, அன்னிக்கு நீ ஸ்டம்ப் எதுல செஞ்ச?"

கத்தவில்லை. பக்கத்தில் இருப்பவரிடம் உப்பு கேட்கிற குரல். அதனாலேயே எல்லாருக்கும் கேட்டது.

"எந்த ஸ்டம்ப்?" என்றான் சத்திபாபு.

"மட்டை இருந்தா ஸ்டம்ப் இருக்கணும் இல்ல. அன்னிக்கு மூணு குச்சி வெட்டின. எங்கேர்ந்து?"

சத்திபாபு விழித்தான். கதையின் அந்த முனைக்கு அவன் இதுவரை போனதே இல்லை. ஞாபகம் வந்தது அவன் முகத்திலேயே தெரிந்தது.

"உன்... ரோஜாச் செடிதான்" என்றான். "நீ பள்ளிக்கூடத்துல படிக்கறப்ப மொதமொதல்ல ஒட்டுக்கட்டினது. மூணுதான் பொழச்சிருந்துது. நேரா இருக்கேன்னு..."

"மூணையுமா வெட்டினே?" நூக்கரத்னம் அவனை முறைத்தாள். "பாவி! மட்டையோட உன்னையும் சேத்து எறிஞ்சிருக்கணும். இத்தன வருஷம் உன் கதையக் கேட்டு நானும் சிரிச்சேனே!"

இந்தமுறை சிரிப்பு இடம் மாறி விழுந்தது. சத்திபாபு தலையைச் சொறிந்துகொண்டு பின்னுக்குப் போனான். ஹைமவதி அவனைத் துரத்தவில்லை.

பத்ரய்யா முன்னால் வந்தார். அவர் முகத்தில் சிரிப்பு இல்லை. மகள் எதற்கு ஏறியிருக்கிறாள் என்று அவருக்குத் தெரிந்துவிட்டிருந்தது. ஆனாலும் வழக்கப்படி கேட்டுத்தான் ஆகவேண்டும்.

"என்னம்மா வேணும்?"

"ரோஜாப் பாத்தி வேணும் நான்னா" என்று அப்பாவைப் பார்த்துச் சொன்னாள். " விக்கக்கூடாது. நான் வந்து அதுல வேலை செய்யணும்."

பத்ரய்யாவின் கழுத்து சிவந்தது. ஹைமவதி அதைக் கவனித்தாள். அவருக்கும் அது காதுமடலின் பின்னால்தான் தொடங்கியது.

"அது பேசி முடிஞ்ச விஷயம். வாக்குக் குடுத்தாச்சு."

"என்கிட்ட கேக்கல நான்னா."

"உன்கிட்ட என்ன கேக்கறது? கட்டிக் குடுத்தாச்சு, காக்கிநாடா போயாச்சு. செடி தனியா நின்னு என்ன பண்ணும்? சம்பந்தி ஜனம் எதிர்ல என்ன நிக்கவெச்சு மானத்த வாங்கறியா? இறங்கு கீழ!"

அவர் குரலில் உத்தரத்துப் புறா பறந்தது.

"பத்ரய்யாகாரு, கட்டில்ல இருக்கறவங்கள அதட்டக்கூடாது" என்றாள் நூக்கரத்னம்.

"இது எங்க வீட்டு விஷயம்!"

"கட்டிலும் உங்க வீட்டுதுதான்" என்றாள் அனசூயம்மா.

ஹைமவதி அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். இதே குரலில் அவர் கத்தினால் அவளும் கத்துவாள். இரண்டு பேரும் கத்தி ஓய்ந்து இரண்டு நாள் பேசாமல் இருப்பார்கள். அப்படித்தான் அந்த வீடு ஓடியது. இன்று அவள் கத்தாததால், அவர் கத்துவது அவளுக்கு முதல்முறையாக முழுதாகக் கேட்டது. குரல் உயர்ந்த இடத்தில் ஒரு நடுக்கம் இருந்தது. தன் கோபத்தின் அடியில் என்ன இருந்ததென்று இப்போதுதான் தோண்டிப் பார்த்திருந்தாள். அதனால் அவருடையதன் அடியையும் பார்க்க முடிந்தது.

"நான்னா, எதுக்கு பயப்படறீங்க?"

பத்ரய்யா தோள்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கட்டிலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"உங்கம்மா இருந்திருந்தா எல்லாம் முறையாச் செஞ்சு அனுப்பியிருப்பா. தாயில்லாத பொண்ணுன்னு வெறும் கையோட தள்ளிவிட்டான்னு அந்த வீட்டுல ஒருத்தர் உன்ன ஒரு வார்த்த சொல்லிட்டா? கல்யாணத்தன்னிக்கே சொல்லிட்டாங்க இல்ல, நாலு சக்கரம் இல்லாம மாப்பிள்ள கட்டில விட்டு இறங்கமாட்டாருன்னு!"

"என்ன சக்கரம்?" என்றாள் அனசூயம்மா.

"காரு."

"யாருக்குக் காரு?"

"எனக்கா?" கிருபாகர் தரையிலிருந்து எழுந்தேவிட்டான். "மாமா, எனக்கு ஓட்டத் தெரியாது! எங்க சந்துக்குள்ள ஆட்டோவே பின்னால எடுத்துத்தான் வெளிய வரும். காரு வந்தா அத எங்க நிறுத்தறது, எங்கம்மா தலமேலயா?"

"கேட்டது யாரு?" அனசூயம்மாவின் குரல் இறங்கியது. அவள் குரல் இறங்கினால் பயப்படவேண்டும் என்று அவள் தம்பிக்குத் தெரியும். கவர்ராஜு கூரையைப் பார்த்தார்.

"கவர்ராஜு!"

"அக்கா, அது... கல்யாணப் பந்தியில சும்மா தமாஷுக்குச் சொன்னது. பாயசம் நல்லா இருந்துது, ஒரு சந்தோஷத்துல..."

"உன் தமாஷுக்கு ஒரு மனுஷன் நிலத்த விக்கறாரு! எம்பையன் சந்தோஷமா இருக்கானா, எம்மருமக சந்தோஷமா இருக்காளா, அதுக்கு மேல எங்க வீட்டுக்கு என்ன வேணும்?" அவள் பத்ரய்யாவின் பக்கம் திரும்பினாள். "அண்ணா, உங்க பொண்ணு எங்க வீட்டுக்கு வெறும் கையோட வரல. வந்த மாசத்துலயே செத்துக்கெடந்த என் கறிவேப்பிலச் செடிய எழுப்பி நிறுத்தினா. அந்தக் கைய வேலயில்லாம உக்காரவெக்கணும்னு நான் கேட்டேனா?"

பத்ரய்யா மகளைப் பார்த்தார். "வாக்கு குடுத்துட்டேனேம்மா" என்றார். குரலில் கோபம் போய்விட்டிருந்தது. "அந்த ராஜமண்ட்ரிக்காரர்கிட்ட என்னன்னு சொல்லுவேன்?"

"நடந்தத சொல்லுங்க" என்றாள் ஹைமவதி.

அவர் அங்கேயே நின்று போனைப் போட்டார்.

"நமஸ்காரமண்டி. பண்டிகச் சாப்பாடு ஆச்சா?... அந்த நிலம் விஷயம். என் பொண்ணு கோபக் கட்டில்ல ஏறிட்டா... இல்ல, மாப்பிள்ள இல்ல, பொண்ணு... ஆமா, அந்தப் பாத்திதான் வேணும்ங்கறா... இறங்கமாட்டேங்கறா... என்னங்க?"

அவர் முகம் கொஞ்சம் கொஞ்சமாக மலர்ந்தது. போனைக் காதிலிருந்து எடுத்து எல்லாரையும் பார்த்தார்.

"சிரிக்கறாரு. கட்டில்ல கேட்டத வாங்கி மண்டபம் கட்டினா அதுல எந்தக் கல்யாணம் வெளங்கும்னு கேக்கறாரு. வேற எடம் பாத்துக்கறாராம். பொண்ணுக்கு ஆசீர்வாதம் சொல்லச் சொன்னாரு."

பெண்கள் போட்ட குலவையில் வாசலில் வேடிக்கை காட்ட வந்து நின்ற கங்கிரெத்துப் பூம்பூம்மாடு மிரண்டு மணியை ஆட்டியது. பத்ரய்யா கையை நீட்டினார். "பாத்தி உன்னுது. இறங்கும்மா."

ஹைமவதி அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். கால் மரத்துப்போயிருந்தது. யாரும் அவளுக்குத் தண்ணீர் கொண்டுவந்து நீட்டவில்லை. கோபப்பட்டு முடித்த பிறகு இவ்வளவு லேசாக இருக்கமுடியும் என்று அவளுக்குத் தெரியாது. ஓடிப்போய்ப் பூதரேகுத் தட்டைப் பிடுங்கி இரண்டை ஒன்றாக வாயில் போட்டுக்கொண்டாள்.

"சரி சரி, இலை போடுங்க" என்று கவர்ராஜு அவசரப்பட்டார்.

போடமுடியவில்லை. கட்டிலில் கனகம் உட்கார்ந்திருந்தாள்.

"ஒசேய், நீ என்ன பண்றே அங்க?" என்றான் சத்திபாபு.

கனகம் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். "பாடுங்க" என்றாள் நூக்கரத்னத்திடம்.

அன்று கனுமச் சாப்பாடு சாயங்காலமாகிவிட்டது. கனகம் கேட்டது ஒன்றே ஒன்று. தன்னை இனி அடியே மாதிரி 'ஒசேய்' என்று கூப்பிடக்கூடாது, பெயர் சொல்லிக் கூப்பிடவேண்டும். "கனகம்" என்று சத்திபாபு எல்லார் முன்னாலும் சொல்லிப்பார்த்தான். முதல் தடவை வாய் குழறியது. மூன்றாவதில் கனகத்தின் முகம் சிவந்துவிட்டது, அவனுக்கும்தான். பின்னாலேயே நூக்கரத்னம் ஏறி, தன் வீட்டுக்காரரை எதிர்வீட்டிலிருந்து கூட்டிவரச் சொன்னாள். அவர் தன்மேல் என்ன குற்றம் என்று தெரியாமலே எல்லாவற்றுக்கும் சரி சரி என்று தலையாட்டிக்கொண்டே வந்தார்.

வெயில் தாழ்ந்து கூட்டம் கலைந்த பிறகுதான் மாப்பிள்ளையின் ஞாபகம் வந்தது. சாமந்தி பாதி உதிர்ந்திருந்த கட்டிலில் கிருபாகர் ஏறி உட்கார்ந்தான். பாடுவதற்கு யாருக்கும் குரல் மிச்சமில்லை. ஹைமவதி மட்டும் எதிரே வந்து நின்றாள்.

"என்ன வேணும் மாப்பிள்ள சார்?"

அவன் உதட்டை முன்னால் தள்ளிக்கொண்டு சுவரைப் பார்த்தான். இன்னும் பல்வலி மாதிரிதான் இருந்தது.

"நீ இங்க வேலைக்கு வர்ற நாள்ல சாயங்காலப் பாசஞ்சருக்கு வந்துடணும். நான் ஸ்டேஷன்ல நிப்பேன். செடியப் பாத்துட்டு மனுஷன மறந்துடக்கூடாது."

"வண்டி தவறிட்டா?"

"அப்ப எனக்கு நெஜமாவே கோபம் வரும்னு நெனக்கறேன்."

"வந்தா சொல்லுங்க. என்னன்னு கேக்கறேன்" என்று சொல்லி ஹைமவதி கையை நீட்டினாள்.

அவன் இறங்கினான். இரண்டு பேரும் செருப்பை மாட்டிக்கொண்டு, இருட்டுவதற்குள் ஒருமுறை பார்த்துவிட்டு வரலாமென்று, ரோட்டோரம் இருந்த அவளுடைய பாத்திக்கு நடந்தார்கள்.